சர்வர் படுத்துவிட்டால் கவுண்டரில் என்ன செய்வது? – நூலகக் கேள்வி பதில்

செமஸ்டர் முடிவும் கோடைக்கால மின்தடையும் சேர்ந்து வருவதாலோ என்னவோ, இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சர்வர் டவுன் என்றாலே எங்கள் நூலகத்தில் 'நாளை வரவும்' என்று பலகை வைத்துவிடுகிறோம். கையால் எழுதினால் அப்புறம் குழப்பம் வரும் என்கிறார் எங்கள் சீனியர். இது சரியா சார்?
– கலைக் கல்லூரி நூலக உதவியாளர்

பலகை வைப்பதற்கு முன் இரண்டு நிமிடம் செலவழித்து, படுத்திருப்பது சர்வர்தானா என்று பாருங்கள். பக்கத்து கம்ப்யூட்டரில் திறக்கிறதா? கவுண்டருக்கு வரும் நெட்வொர்க் ஸ்விட்சில் விளக்கு எரிகிறதா? சர்வர் உங்கள் கட்டடத்திலேயே இருந்தால், கல்லூரி இன்டர்நெட் போனாலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். வழக்கமான முகவரியில் திறக்காவிட்டால் சர்வரின் ஐபி எண்ணை நேராக அடித்துப் பாருங்கள், பல நாள் அதிலேயே வேலை நடந்துவிடும். அந்த எண்ணை மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வையுங்கள்.

உண்மையிலேயே சர்வர் போயிருந்தால் இஷ்யூ, ரிட்டர்ன் இரண்டை மட்டும் செய்யுங்கள். ரினியூவல், புது உறுப்பினர் சேர்க்கை, ரிசர்வேஷன், ஃபைன் வசூல் எல்லாம் சிஸ்டம் வந்த பிறகு. குறிப்பாக ஃபைன் பணத்தைக் கையில் வாங்கவே வாங்காதீர்கள்.

இரண்டில் சிக்கலானது ரிட்டர்ன்தான். 2023 அக்டோபர் கடைசியில் கனடாவின் டொரண்டோ பொது நூலகம் ரேன்சம்வேர் தாக்குதலில் (கம்ப்யூட்டர்களை முடக்கிவிட்டுப் பணம் கேட்பது) சிக்கியது. கிளைகளை மூடவில்லை, புத்தகம் கொடுப்பதையும் நிறுத்தவில்லை. ஆனால் திரும்பி வந்த புத்தகங்களைப் பதிய வழியில்லாமல், லட்சக்கணக்கில் டிரெய்லர்களில் அடுக்கி வைக்க வேண்டியதாயிற்று. சிஸ்டம் மீண்டு வர 2024 பிப்ரவரி ஆனது. பதியாத புத்தகம் ஷெல்ஃபுக்குப் போகக் கூடாது என்பதில் அவ்வளவு கறாராக இருந்தார்கள். உங்களுக்கு டிரெய்லர் வேண்டாம், ஒரு டிராலி போதும்.

உங்கள் சீனியர் சொல்லும் குழப்பமும் நிஜம்தான். அது எங்கிருந்து வருகிறது என்பதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

கரண்ட் போனால் எழுத இஷ்யூவுக்கு ஒன்று, ரிட்டர்னுக்கு ஒன்று என இரண்டு ரிஜிஸ்டர் வைத்திருக்கிறோம். மாலையில் சிஸ்டத்தில் ஏற்றிய பிறகும் கணக்கு இடிக்கிறது. என்ன தப்பு?
– பொறியியல் கல்லூரி, கவுண்டர் பணியாளர்

இரண்டு ரிஜிஸ்டர் வைத்ததுதான் தப்பு.

18432 என்ற புத்தகத்தை 10.20-க்கு ஒரு மாணவி திருப்பித் தருகிறார். 11.05-க்கு இன்னொரு மாணவர் அதையே எடுத்துப் போகிறார். மாலையில் முதலில் இஷ்யூ ரிஜிஸ்டரை ஏற்றுகிறீர்கள். 'இது வேறொருவர் பெயரில் இருக்கிறதே, ரிட்டர்ன் செய்துவிட்டு இஷ்யூ செய்யவா?' என்று சிஸ்டம் கேட்கும். சரி என்று அழுத்துவீர்கள். அடுத்து ரிட்டர்ன் ரிஜிஸ்டரை எடுத்து 18432 என்று அடித்தவுடன் அந்த மாணவர் பெயரில் இருந்த இஷ்யூ அழிந்துவிடும். புத்தகம் அவர் ஹாஸ்டல் அறையில், சிஸ்டத்திலோ அது ஷெல்ஃபில். அடுத்த ஸ்டாக் வெரிஃபிகேஷனில் அது 'மிஸ்ஸிங்' பட்டியலுக்குப் போகும், யாரிடம் கேட்பது என்றே தெரியாது.

அதனால் ஒரே ரிஜிஸ்டர், நடந்த வரிசையில். வரிசை எண், நேரம், இஷ்யூவா ரிட்டர்னா, உறுப்பினர் எண், பெயர், அக்சஷன் எண் (ஒவ்வொரு பிரதிக்கும் நூலகம் தரும் தனி எண்), தலைப்பின் முதல் இரண்டு சொற்கள், எழுதியவரின் சுருக்கொப்பம். ரிட்டர்னுக்கு உறுப்பினர் எண் தேவையில்லையே என்பீர்கள். அக்சஷன் எண்ணை வைத்தே சிஸ்டம் ஆளைக் கண்டுபிடித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அவசரத்தில் எழுதிய 1, 7 ஆகிவிடும். அப்போது காப்பாற்றப்போவது தலைப்பும் பெயரும்தான். நேரமில்லை என்று முதலில் கைவிடப்படுவது இந்தத் தலைப்புக் கட்டம், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கெடு தேதியை ஆளுக்கு ஆள் கணக்குப் போட வேண்டாம். அன்று போகும் எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே தேதி என்று முடிவு செய்து, ரப்பர் ஸ்டாம்பில் அதை வைத்து, புத்தகத்தில் ஒட்டியிருக்கும் தேதித்தாளில் குத்திவிடுங்கள். திரும்பி வரும் புத்தகங்கள் 'பதியாதவை' என்று எழுதிய டிராலிக்குப் போகட்டும். கூடுமானவரை அவற்றை மறுபடி இஷ்யூ செய்யாதீர்கள்.

சிஸ்டம் வந்ததும் ஒருவர் வாசிக்க, மற்றவர் அடிக்க, ஒவ்வொரு வரியிலும் டிக். ரிஜிஸ்டர் முடியும்வரை நேரடி இஷ்யூவைத் தொடங்காதீர்கள், பழைய வரியும் புது வரியும் கலந்தால் மேலே சொன்ன கதைதான் திரும்ப நடக்கும். வரிசையில் நிற்பவர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

லேப்டாப்பில் எக்செல் திறந்து ஸ்கேனரால் அடிக்கலாம் என்று பார்த்தோம். சில எண்கள் குறைந்து வருகின்றன, ஒரு நாள் தமிழ் எழுத்தெல்லாம் வந்தது! ஸ்கேனர் கெட்டுவிட்டதா?
– பள்ளி நூலகர்

ஸ்கேனர் நன்றாகத்தான் இருக்கிறது. யுஎஸ்பியில் செருகும் சாதாரண பார்கோடு ஸ்கேனரைக் கம்ப்யூட்டர் ஒரு கீபோர்டாகத்தான் பார்க்கும். நீங்கள் வேகமாக டைப் செய்து என்டர் தட்டுவதாக அது நினைத்துக்கொள்ளும். அதனால்தான் நூலக மென்பொருளே இல்லாமல் எக்செல்லிலும் நோட்பேடிலும் வேலை செய்கிறது. அதே காரணத்தால் கீபோர்டுக்கு வரும் தொல்லைகள் இதற்கும் வரும்.

004512 என்பது 4512 ஆவது எக்செல்லின் வேலை. எண் என்று நினைத்து முன்னால் உள்ள சைபர்களை விழுங்கிவிடும். ஸ்கேன் செய்வதற்கு முன்பே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் போன சைபர் திரும்பாது. தமிழ் எழுத்து வந்த நாளில் யாரோ நோட்டீஸ் அடித்துவிட்டுத் தமிழ் விசைப்பலகையை அப்படியே விட்டிருப்பார்கள். உங்கள் பார்கோடில் ஆங்கில எழுத்து இருந்தால் அந்த இடத்தில் தமிழ் எழுத்துதான் விழும். கேப்ஸ் லாக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள், பல ஸ்கேனர்களில் பெரிய எழுத்து சின்னதாகிவிடும்.

நேரம் போடக் கடிகாரம் பார்க்க வேண்டாம். எக்செல்லில் கன்ட்ரோல், ஷிஃப்ட், அரைப்புள்ளி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அந்த நிமிடம் பதிவாகிவிடும். அப்புறம், லேப்டாப்பின் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

எங்கள் நூலக மென்பொருளான கோஹாவில், சர்வர் இல்லாமலே இஷ்யூ, ரிட்டர்ன் பதியும் ஆஃப்லைன் சர்குலேஷன் இருக்கிறதாமே. அதை நம்பலாமா?
– பல்கலைக்கழக நூலக உதவியாளர்

நம்பலாம், ஆனால் அதற்கு என்னென்ன தெரியாது என்பதைத் தெரிந்துகொண்டு நம்புங்கள். விண்டோஸில் ஓடும் தனிக் கருவி ஒன்று உண்டு. இஷ்யூ, ரிட்டர்ன்களை அது .கேஓசி என்று முடியும் கோப்பில் சேர்த்து வைக்கும், சர்வர் வந்ததும் அதை ஏற்றலாம். உறுப்பினர் பெயரெல்லாம் காட்ட வேண்டுமானால் சர்வரிலிருந்து உறுப்பினர் கோப்பை முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும். நீங்கள் கடைசியாக என்றைக்கு இறக்கினீர்களோ அதுவரைதான் அதன் அறிவு. ரிசர்வேஷன் யாருக்கு இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. எனவே ஏற்றிய பின் வரும் செய்திகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள்.

இரண்டு கவுண்டர் இருந்தால் ஒன்று முக்கியம். ஏற்றும்போது 'நேரடியாகச் செயல்படுத்து' என்றும் 'வரிசையில் சேர்' என்றும் இரண்டு வழி காட்டும். எல்லாக் கவுண்டர் கோப்புகளையும் முதலில் வரிசையில் சேர்த்துவிட்டு, பிறகு மொத்தமாகச் செயல்படுத்துங்கள். ஒரு கவுண்டரில் எடுத்ததை இன்னொன்றில் கொடுத்திருப்பார்கள். தனித்தனியாக ஏற்றினால் 18432-இன் கதைதான்.

கரண்ட் போனால் கவுண்டர் கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் ஓடுகிறது, ஆனால் கோஹா வருவதில்லை. ஏன்?
– பாலிடெக்னிக் நூலகர்

நெட்வொர்க் ஸ்விட்ச் யூபிஎஸ்ஸில் இல்லை, நேராகச் சுவர் பிளக்கில் இருக்கிறது. போய்ப் பாருங்கள். சர்வர், ஸ்விட்ச், ஒரு கவுண்டர் கம்ப்யூட்டர், இவை மூன்றும் யூபிஎஸ்ஸில் இருந்தால் போதும். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் செருகாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: பழைய டெஸ்க்டாப்பையே சர்வராக வைத்திருந்தால், மதர்போர்டில் உள்ள சின்ன பேட்டரி தீர்ந்து, கரண்ட் வந்ததும் பல வருடம் முந்தைய தேதியில் எழுந்து நிற்கும். அந்தத் தேதியிலேயே இஷ்யூவும் விழும். மின்தடைக்குப் பிறகு போடும் முதல் இஷ்யூவின் கெடு தேதியை ஒரு முறை கண்ணால் பாருங்கள். அந்த பேட்டரி ஒன்றும் பெரிய விலை இல்லை.

சிஸ்டம் வேலை செய்யாத நாளில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது தாமதம், ஃபைன் என்று எஸ்எம்எஸ் வந்துகொண்டே இருக்கிறது. கவுண்டரில் கேட்டால் 'கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்கிறது' என்கிறார்கள்.
– முதுகலை மாணவி

முதலில் நீங்கள் செய்ய வேண்டியது: கொடுத்த தேதி, ஏறக்குறைய எத்தனை மணி, இரண்டையும் சொல்லி அன்றைய ரிஜிஸ்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஷெல்ஃபிலும் ஒரு முறை தேடச் சொல்லுங்கள், புத்தகம் அங்கேயே நின்றுகொண்டிருக்க வாய்ப்பு அதிகம். கிடைத்தால் அக்சஷன் எண்ணை எழுதிக் கொண்டு போய்க் காட்டுங்கள்.

இனி கவுண்டரில் இருப்பவர்களுக்கு. 'கம்ப்யூட்டர் சொல்கிறது' என்பது பதிலே இல்லை. கம்ப்யூட்டருக்கு அன்று நடந்தது எதுவும் தெரியாது. கோஹாவில் தாமத அறிவிப்பும் ஃபைன் கணக்கும் பொதுவாக இரவில் தானாக ஓடும் வேலைகள். சர்வர் மாலையில் எழுந்து, ரிஜிஸ்டரை நீங்கள் மறுநாள் ஏற்றினால், ஏற்கெனவே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கும் இடைப்பட்ட இரவில் நோட்டீஸ் போய்விடும். பதிவு முடியும்வரை அந்த வேலைகளை நிறுத்தி வைக்கும்படி சிஸ்டம் பார்ப்பவரிடம் சொல்லுங்கள். ஏற்றும்போதும் இன்றைய தேதியில் ரிட்டர்ன் போடாமல், செட்டிங்கில் உள்ள ரிட்டர்ன் தேதி குறிப்பிடும் வசதியைத் திறந்து, உண்மையான தேதியைக் கொடுங்கள். தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் பெட்டியும் அங்கேயே இருக்கும். சிஸ்டம் இல்லாத நாளுக்கு ஃபைன் போடுவது நியாயமே இல்லை என்பது என் கருத்து.

ரிட்டர்ன் வாங்கும்போது ரிஜிஸ்டரின் வரிசை எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் இந்த மாணவி இப்படிக் கடிதம் எழுத வேண்டியிருந்திருக்காது.

நோ டியூ (நூலகத்துக்குப் பாக்கி எதுவும் இல்லை என்ற சான்று) கொடுக்கும் கடைசி நாளில் சர்வர் போய்விட்டது. ஹால் டிக்கெட்டுக்காக நூற்றுக்கணக்கில் மாணவர்கள் நின்றார்கள். யாருக்குக் கையெழுத்துப் போடுவது என்றே தெரியவில்லை.
– கலை அறிவியல் கல்லூரி நூலகர்

நோ டியூ வாரத்தில் தினமும் மாலை கவுண்டரை மூடும் முன், நிலுவையில் உள்ள புத்தகப் பட்டியலை உறுப்பினர் எண் வரிசையில் பிடிஎஃப் ஆக எடுத்து, சர்வரில் இல்லாமல் கவுண்டர் கம்ப்யூட்டரில் சேமித்துவிடுங்கள், ஒரு பிரதி அச்சிலும். ஃபைன் பாக்கிப் பட்டியலும் அதனுடன் இருக்கட்டும். இறுதியாண்டு மாணவர்களுக்கு அந்த வாரம் இஷ்யூவையே நிறுத்திவிட்டால் பட்டியல் குறையுமே தவிர நீளாது. மறுநாள் சர்வர் போனாலும், பட்டியலில் பெயர் இல்லாதவருக்குத் தயங்காமல் கையெழுத்துப் போடலாம். பெயர் உள்ளவர் புத்தகத்தோடு வந்தால் ரிஜிஸ்டரில் ரிட்டர்ன் எழுதி, பட்டியலில் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்து. காத்திருக்க வேண்டியவர்கள் சிலர்தான்.

யார் எந்தப் புத்தகம் வைத்திருக்கிறார்கள் என்பது அந்தத் தாளில் இருக்கிறது. கவுண்டர் மேல் விரித்து வைக்காதீர்கள், வேலை முடிந்ததும் கிழித்துவிடுங்கள்.

பேக்கப் தினமும் தானாக எடுக்கிறது என்று மென்பொருள் நிறுவியவர் சொல்லிவிட்டுப் போனார். அது போதுமா?
– கிராமப்புறக் கல்லூரி நூலகர்

எங்கே எடுக்கிறது என்று கேட்டீர்களா? கோஹாவை வழக்கமான முறையில் நிறுவினால் தினசரி பேக்கப் அதே சர்வரின் ஒரு கோப்புறையில்தான் விழும். அதுவும் மாற்றாதவரை கடைசி இரண்டு நாள் பிரதி மட்டுமே தங்கும். ஹார்ட் டிஸ்க் போனால் பேக்கப்பும் கூடவே போய்விடும். வாரம் ஒரு முறையாவது வெளி டிஸ்க்கில் எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள்.

எடுத்த பேக்கப்பை ஏற்ற இடம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. 2023 அக்டோபரில் தாக்குதலுக்கு உள்ளான பிரிட்டிஷ் நூலகத்திடம் டிஜிட்டல் சேகரிப்புகளின் பத்திரமான பிரதிகள் இருந்தன. அவற்றை ஏற்றி ஓட்டுவதற்குச் சரியான கட்டமைப்பு கையில் இல்லை என்று 2024 மார்ச்சில் அவர்களே வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. முக்கிய நூற்பட்டியல் 2024 ஜனவரி 15 அன்றுதான் தேடிப் பார்க்க மட்டும் திறந்தது. விடுமுறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் உங்கள் பேக்கப்பை ஏற்றிப் பாருங்கள். ஏறியதும், நேற்று இஷ்யூ போன ஒரு புத்தகத்தைத் தேடி யார் பெயரில் காட்டுகிறது என்று ரிஜிஸ்டரோடு ஒப்பிடுங்கள்.

பழைய பிரௌன் முறை அட்டைகள் பீரோ நிறைய இருக்கின்றன. அவசரத்துக்கு ஆகுமே என்று வைத்திருக்கலாமா?
– ஓய்வு பெறப்போகும் நூலகர்

வேண்டாம் என்றே சொல்வேன். நினா பிரௌன் என்ற அமெரிக்க நூலகர் 1895 வாக்கில் கொண்டுவந்த அந்த முறை அருமையானதுதான். புத்தக அட்டையை வாசகரின் டிக்கெட் பைக்குள் செருகி, கெடு தேதி வரிசையில் அடுக்கினால் எழுதும் வேலையே இல்லை. ஆனால் எல்லாப் புத்தகத்துக்கும் அட்டை இருந்தால்தான் அது ஓடும். கம்ப்யூட்டர் வந்த பிறகு வாங்கிய புத்தகங்களுக்கு உங்களிடம் அட்டை இருக்காது. தேதித்தாளையும் தேதி ஸ்டாம்பையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாம்ப் பேடில் மை காய்ந்திருக்கும், இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.