பாஸ்வேர்டு மாற்றியதும் பிளெக்ஸ் சர்வர் ஏன் நம்மைத் தெரியாது என்கிறது?

பிளெக்ஸ் என்பது வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் படம், பாட்டு, கல்யாண வீடியோ எல்லாவற்றையும் டிவியிலும் போனிலும் காட்டுகிற மென்பொருள். அதன் சர்வர் உங்கள் கணக்கோடு ஒட்டியிருப்பது பாஸ்வேர்டால் இல்லை, டோக்கன் என்கிற ரகசியக் குறியீட்டால். பாஸ்வேர்டை மாற்றும்போது எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றச் சொல்லும் கட்டத்தையும் டிக் செய்துவிட்டால் அந்த டோக்கன் செல்லாமல் போய்விடும். காரைக்குடி வீட்டுக்குப் புதுப் பூட்டு போட்டுவிட்டு, காவல்காரரிடம் பழைய சாவியையே விட்டுவைத்த கதைதான்.

சரி, சர்வர் ஓடுகிற அதே கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து 127.0.0.1:32400/web என்று அடித்து உள்ளே போங்கள், கணக்கில் சைன் இன் செய்தால் செட்டிங்ஸில் கிளைம், அதாவது 'இந்தச் சர்வர் என்னுடையது' என்று சொல்லும் பட்டன் வரும், அழுத்தினால் வேலை முடிந்தது. வெளியூரிலிருந்து இதைச் செய்ய விடாது. உரிமையாளர் இல்லாத சர்வரை யார் வேண்டுமானாலும் தனதாக்கிக்கொள்ளலாம் என்பதால் அந்தக் கட்டுப்பாடு. டாக்கரில், அதாவது மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் அடைத்து ஓட்டும் முறையில், சர்வரை ஓட்டுபவர்களுக்குக் கிளைம் கோடு ஒன்று தருவார்கள், அதற்கு 4 நிமிடம்தான் ஆயுள்.

நம் காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் இன்னொரு தொல்லை. கனத்த சுவரைத் தாண்டி இரண்டாம் கட்டுக்கு சிக்னல் எட்டாது என்று அங்கே தனியாக ஒரு ரூட்டர் வைத்திருப்பார்கள், அது வேறு நெட்வொர்க்காக ஓடினால் அங்கிருந்து பட்டனே தெரியாது. சர்வர் இருக்கிற முகப்புக்கே வந்து, அந்தக் கம்ப்யூட்டரிலேயே செய்துவிடுங்கள்.

அப்புறம், படமெல்லாம் அழிந்துவிட்டது என்று பயந்து பலர் சர்வரையே அழித்துவிட்டு மறுபடி போடுகிறார்கள். அறுந்தது கணக்குத் தொடர்பு மட்டும்தான், கோப்புகளும் லைப்ரரியும் உங்கள் ஹார்டு டிஸ்கில் அப்படியே இருக்கின்றன.