ஹரி பொட்டருக்குப் பிறகு என்ன கொடுக்கலாம்?

அக்கா, ஹரி பொட்டர் ஏழு பாகத்தையும் முடித்த உங்கள் பதின்மூன்று வயது மகள், வேறு எந்தப் புத்தகத்திலும் நாலு பக்கம் தாண்டுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய ‘எ விசார்ட் ஒஃப் எர்த்சீ’யைக் கொடுத்துப் பாருங்கள். இதிலும் மந்திரப் பள்ளிக்கூடம் உண்டு. தொடக்கத்திலேயே ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன், தாயின் சகோதரி சொல்லக் கேட்ட மந்திரத்தை ஆடுகளிடம் சொல்லிப் பார்க்கிறான். அவை ஓடிவந்து அவனை நெருக்கிக்கொள்கின்றன. விலக்கத் தெரியாமல் அழுதுகொண்டே ஊருக்குள் ஓடுகிறான், ஆடுகளும் கூடவே! எனக்கு மிகப் பிடித்த இடம் அது. நடை கொஞ்சம் மெதுவானது, அதனால் முதல் அத்தியாயத்தை நீங்களே சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

அதுவும் சரிவராவிட்டால் டெரி பிரட்செட்டின் ‘த வீ ஃப்ரீ மென்’. ஒன்பது வயதுச் சிறுமி, ஆற்றில் இருந்து எழும் பூதத்தைப் பொரிக்கும் சட்டியால் அடிக்கிறாள். உங்கள் மகள் சிரித்துச் சிரித்தே புத்தகத்தை முடித்துவிடுவாள்.

புதிதாக வாங்க முதல், கொழும்பில் மருதானைப் பக்கம் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளில் தேடுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவளே எடுக்கட்டும்.