அரை நாள் வேலைக்குப் போகிறேன். வீட்டில் நாய் வளர்க்கலாமா, வேறு ஏதாவது தோதாக இருக்குமா?

கேள்வி கேட்டவர் சொன்ன விவரம் இது: வேலூர் சத்துவாச்சாரியில் முதல் மாடி, வாடகை வீடு. அவருக்குக் காலை 9 முதல் 1.30 வரை வேலை. கணவர் ராணிப்பேட்டையில் முழு நாள் வேலை. பெண்ணுக்கு 11 வயது, பையனுக்கு 6. கூடவே மாமியார், முட்டி வலிக்காரர். பிள்ளைகள் நாய்க்குட்டி கேட்டு நச்சரிக்கிறார்கள். அரை நாள்தானே வெளியே போகிறோம், வளர்த்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றுகிறது.

எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. எங்கள் வீடு விருதம்பட்டில். லாங் பஜாரில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன், அதே ஒன்பது டு ஒன்றரை. ஆறு வருடத்துக்கு முன்னால் பக் இன நாய்க்குட்டி ஒன்று வாங்கினோம். விற்றவரிடம் "நம்ம ஊர் வெயில் தாங்குமா?" என்று ஒரு வார்த்தை கேட்டேன். "அதெல்லாம் பழகிடும் மேடம்" என்றார். வேலூரில் பிறந்த நானே நாற்பது வருடமாக இந்த வெயிலுக்குப் பழகவில்லை. அது எப்படிப் பழகும் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

சிண்டு என்று பெயர் வைத்தோம். எங்கள் வீடு மேற்குப் பார்த்த வீடு. காலை எட்டரைக்கு நான் கிளம்பும்போது போர்டிகோ முழுக்க நிழல், தரை சில்லென்று இருக்கும். சங்கிலியில் கட்டி, கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டுப் போவேன். ஜனவரியில் வாங்கினோம், ஏப்ரல் வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. அக்னி நட்சத்திரம் ஆரம்பித்த வாரம். கடையில் கணக்கு முடிக்க நேரமாகி, கிரீன் சர்க்கிளில் பஸ் மாட்டிக்கொண்டு, நான் பாலாற்றுப் பாலம் தாண்டும்போது மணி இரண்டு. அதற்குள் பக்கத்து வீட்டு ஆயா போன் பண்ணிவிட்டார்: "இன்னாம்மா, உன் நாய் நாக்கத் தள்ளிக்கினு மூச்சு வாங்கினு கீது, சீக்கிரம் வா."

போய்ப் பார்த்தால் போர்டிகோவில் பாதிக்கு மேல் வெயில் ஏறியிருந்தது. சங்கிலி நீளம் நிழலுக்கு எட்டவில்லை. கிண்ணத்துத் தண்ணீரில் விரலை விட்டேன். குளிக்க விளாவி வைத்த வெந்நீர் மாதிரி இருந்தது. சிண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தான். நாக்கு நாவல்பழம் தின்றது போல நிறம் மாறி, வாயோரம் நுரை. நல்லவேளையாக ஆயா அதற்குள் ஈரத் துணி போட்டு விசிறிக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோனோம். டாக்டர் பார்த்தபோது காய்ச்சல்மானியில் 106 டிகிரி பாரன்ஹீட். நாய்க்குச் சாதாரணமாகவே 101, 102 இருக்கும், ஆனால் 106 உயிரைக் கொண்டுபோகும் சூடு. ட்ரிப்ஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார், கூடவே என்னை நன்றாகத் திட்டவும் செய்தார். நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்க்கு அந்த வழியும் அடைபட்டுத்தான் இருக்கிறது என்றார். விற்றவர் சொல்லாததை வைத்தியம் பார்த்தவர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், "நாலரை மணி நேரம்தானே" என்று நீங்கள் போட்டிருக்கும் கணக்கு. எத்தனை மணி நேரம் என்பதோடு எந்த மணி நேரம் என்பதையும் பாருங்கள். நம் ஊரில் ஒன்பது மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் ஒரே வீட்டுக்குள் இரண்டு ஊர் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருந்து, எந்த அறையில் எப்போது வெயில் விழுகிறது, மொட்டை மாடிச் சூடு எப்போது இறங்குகிறது, கரண்ட் போனால் எந்த ஃபேன் இன்வெர்ட்டரில் ஓடும் என்று பாருங்கள். முதல் மாடி, மேலே வேறு வீடு இல்லை என்றால் இன்னும் கவனம்.

அப்புறம் இன்னொரு விஷயம். இதை யாரும் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள். அரை நாள் வேலைக்குப் போகிறவள் என்றால் மீதி அரை நாள் சும்மா இருப்பவள் என்று வீட்டில் ஒரு எண்ணம் உண்டு. நாய் வருகிற வரைக்கும் "நான் குளிப்பாட்டுறேன், நான் வாக்கிங் கூட்டிட்டுப் போறேன்" என்று போட்டி. வந்த பத்தாம் நாள், "நீதான் மத்தியானமே வந்துடறியே." தடுப்பூசிக்கு நீங்கள், முடி கூட்ட நீங்கள், ராத்திரி குலைத்தால் வீட்டு ஓனரிடம் பேச்சு வாங்கவும் நீங்கள். சம்பளமும் பாதி, ஆனால் டாக்டர் பீஸ் மட்டும் முழுசாகத்தான் வாங்குவார்கள். ஆகவே பிள்ளைகளுக்கு எது பிடிக்கும் என்று தேடுவதை விட, கடைசியில் உங்கள் ஒருத்தியால் எதைத் தனியாகச் சமாளிக்க முடியும் என்று பார்த்து முடிவு எடுங்கள்.

சரி, ஒவ்வொன்றாக வருகிறேன்.

நாய்க்குட்டி, உங்கள் நிலைமையில், வேண்டாம் என்பேன். குட்டி எத்தனை மாதமோ ஏறக்குறைய அத்தனை மணி நேரம்தான் சிறுநீரை அடக்கும். இரண்டு மாதக் குட்டி என்றால் நீங்கள் வேலை முடித்து வருவதற்குள் இரண்டு மூன்று முறை போய்விடும். அதைத் துடைக்கப்போவது முட்டி வலிக்கார மாமியாரா? ஈரத் தரையில் அவர் வழுக்கி விழுந்தால் அந்தச் செலவு வேறு. பிறந்து எட்டு வாரமாவது ஆகாத குட்டியைத் தாய் மடியிலிருந்து பிரித்து வாங்கவே கூடாது. ஆனால் முப்பது நாள் குட்டியைக் கொஞ்சம்கூடக் கூசாமல் விற்கிறார்கள். "ஊசியெல்லாம் போட்டாச்சு" என்று வாயால் சொன்னால் நம்பாதீர்கள், மருந்துப் புட்டியின் ஸ்டிக்கர் ஒட்டிய, டாக்டர் கையெழுத்துப் போட்ட அட்டையைக் கேளுங்கள். பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்த குட்டி இரண்டே நாளில் துவண்டு போவதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

நாய்தான் வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றால், ஒன்றரை இரண்டு வயதான நாட்டு நாயாகத் தத்தெடுங்கள். குறும்பு அடங்கியிருக்கும், வெயில் தாங்கும், குட்டை முடி. வளர்ந்த நாய் காலை ஆறு மணிக்கு ஒரு முறை, நீங்கள் வந்ததும் ஒரு முறை, ராத்திரி ஒரு முறை வெளியே போனால் நடுவில் தூங்கிவிடும். ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று நம் நாட்டு இனம் கேட்டு வருகிறவர்களும் உண்டு. அவை வேட்டைக்கு ஓடப் பிறந்தவை, முதல் மாடியில் அடைத்தால் வீட்டையே கடித்துத் துப்பும். லாப்ரடார் நல்ல சுபாவம்தான், ஆனால் சாப்பாட்டுக்கும் நடைக்கும் ஈடு கொடுக்க வேண்டும். பனிப் பிரதேச நாயான ஹஸ்கியை வேலூருக்குக் கொண்டுவருவதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, என் ரத்த அழுத்தம் ஏறும்.

கோடையில் தார் ரோட்டில் நடக்க வைக்கும் முன் புறங்கையை ரோட்டில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதம் வெந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பையும் போடாதீர்கள். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலில் குத்தும், வெங்காயமும் நாய்க்கு ஆகாது. எல்லோர் வீட்டிலும் போடுகிறார்கள், தெரியும்.

முயல் பார்க்க அழகு, வெயிலுக்கு நாயை விட மோசம், ஒயரைக் கடிக்கும், தூக்கினால் பயப்படும். ஆறு வயதுப் பையன் தூக்காமல் இருக்கமாட்டான். லவ் பேர்ட்ஸ் வளர்க்கலாம், சத்தமும் உமியும் பொறுத்துக்கொண்டால். பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், நட்சத்திர ஆமையும் அப்படியே. யாராவது ரகசியமாகக் கொண்டுவந்து தருகிறேன் என்றால் வாங்காதீர்கள்.

மீன் தொட்டி நல்ல யோசனை, ஆனால் ஃபைட்டர், கோல்டு ஃபிஷ் என்று ஒரே நாளில் வாங்கி ஊற்றாதீர்கள். புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்னும் நுண்ணுயிர்கள் வளர நான்கைந்து வாரம் ஆகும், அதற்குள் கூட்டம் சேர்த்தால் ஒவ்வொன்றாக மிதக்கும். நம் பக்கம் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்குமே, அதில் கப்பி என்கிற சின்ன மீன் ஜோராக வாழும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக்கும் சொட்டு மருந்து விட்டு ஊற்றுங்கள். பையனுக்கு ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை தீனி போடும் வேலை கொடுக்கலாம். முழு டப்பாவையும் கொட்டிவிடுவான், டப்பாவை உயரத்தில் வையுங்கள்.

இப்போது பூனை. எங்கள் வீட்டில் இப்போது இருப்பது அதுதான். சிண்டுவைக் குடியாத்தத்தில் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். பழைய ஓட்டு வீடு, பகலில் எப்போதும் நாலு பேர் இருப்பார்கள், முறுக்குத் தின்று உருண்டையாகிவிட்டான். அவன் போன ஒரு வருடம் கழித்து, மழைக்காலத்தில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சாம்பல் நிறக் குட்டி ஒண்டிக்கொண்டது. பிறகு போகவே இல்லை. மகள் அதற்குப் புள்ளி என்று பெயர் வைத்தாள், உடம்பில் ஒரு புள்ளிகூடக் கிடையாது.

அரை நாள் வேலைக்காரிக்குப் பூனை அளவெடுத்துத் தைத்தது போல. ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூங்கும், அதுவும் நாம் இல்லாத பகலில். வீட்டிலேயே எந்த மூலை சில்லென்று இருக்கிறது என்று நமக்கு முன்னால் அது கண்டுபிடித்துவிடும். மே மாதம் முழுக்கப் புள்ளி குளியலறை வாசலில்தான். ஒரு தட்டில் மணல் போட்டு வைத்தால் இரண்டு நாளில் பழகிக்கொள்ளும். காலை நாலரைக்கு நெஞ்சின் மேல் ஏறி நின்று எழுப்பும், அது ஒன்றுதான் தொல்லை.

சில விஷயம் மட்டும் கவனம். பூனைக்குப் பால் சோறு போட்டு வளர்ப்பது நம் பழக்கம். வளர்ந்த பூனை பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். அதற்கு மீனோ கறியோ கட்டாயம் வேண்டும், சுத்த சைவமாக வளர்க்க முடியாது. உங்கள் வீடு சைவமாக இருந்தால் மாமியாரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். ஆறு மாத வயதில் கருத்தடை செய்துவிடுங்கள், இல்லையென்றால் வருடத்துக்கு இரண்டு ஈற்று, குட்டிகளோடு ஊர் ஊராக அலைய வேண்டும். முதல் மாடி என்பதால் பால்கனிக்கு வலை அடியுங்கள். மாமியார் காலடியில் குறுக்கே வராமல் இருக்கச் சின்ன மணி கட்டிய கழுத்துப் பட்டை, இழுத்தால் தானே அவிழ்கிற வகையாக.

நாயோ பூனையோ, மூன்று மாத வயதில் வெறிநாய்க்கடி (ரேபீஸ்) நோய்க்கான தடுப்பூசி, பிறகு டாக்டர் சொல்கிறபடி வருடா வருடம். செப்டம்பர் 28 உலக ரேபீஸ் தினம், அந்தச் சமயத்தில் இலவச முகாம் நடக்கிறதா என்று அரசு கால்நடை மருத்துவமனையில் விசாரியுங்கள். பிள்ளைகளை எது கடித்தாலும், பிறாண்டினாலும், 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி. மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டும் வேலை வேண்டாம். அரசு மருத்துவமனையில் கடிபட்டவர்களுக்குப் போடும் ரேபீஸ் தடுப்பூசி இலவசம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டு ஓனரிடம் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, நாய்தான் என்று உங்கள் பெண் அடம் பிடித்தால் ஒரு சோதனை வையுங்கள். பதினைந்து நாள், காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து, நாய் இல்லாமலே கையில் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை இருபது நிமிடம் நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள். சிண்டு போன பிறகு இன்னொரு நாய் கேட்டபோது என் மகளுக்கும் இதைத்தான் வைத்தேன். முதல் மூன்று நாள் கயிற்றை ஆட்டிக்கொண்டு போனாள். நான்காம் நாள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "பூனைன்னா வாக்கிங் போகணுமாம்மா?" என்று கேட்டாள்.