'பு ஷி' என்று கேட்டதும் எதை அழிப்பது?

கேள்வி: எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் தேர்வில் நான்காம் நிலை முடித்திருக்கிறேன். சீனத் தொலைக்காட்சியில் செய்தி ஓரளவு புரிகிறது. நாலு பேர் உட்கார்ந்து பேசும் நிகழ்ச்சி என்றால் பாதி வாக்கியத்திலேயே தொலைந்துபோகிறேன். அடிக்கடி 'பு ஷி' (இல்லை, அல்ல) என்கிறார்கள், யார் எதை மறுக்கிறார்கள் என்றே தெரியவில்லை. என்ன செய்யலாம்?

உங்கள் காதைக் குறை சொல்லாதீர்கள். செய்தி வாசிப்பவர் எழுதிவைத்ததை வாசிக்கிறார், அதுவும் மாகாண நிலையங்களில் அறிவிப்பாளராக வேண்டுமென்றால் புதோங்ஹுவா (பொதுச் சீனம்) தேர்வில் 97 மதிப்பெண்ணாவது எடுத்திருக்க வேண்டும். விருந்தினராக வரும் பேராசிரியருக்கு அந்தக் கட்டாயமெல்லாம் கிடையாது. நம்மைப் போலவே தடுமாறி, பாதியில் விட்டு, மறுபடி பிடித்துப் பேசுவார்.

சரி, 'பு ஷி'க்கு வருவோம். வாக்கியத்தின் நடுவில் வந்தால் அது பெரும்பாலும் தன் நாக்குப் பிசகைத் தானே திருத்துவது. 'தா ஜுவோதியன் ச்யூ லெ ஷாங்காய், பு ஷி, ச்யூ லெ குவாங்சோ'. நேற்று அவர் போனது குவாங்சோ. இதில் 'ச்யூ லெ' (போனார்) இரண்டு முறை வருகிறது பாருங்கள், அதுதான் உங்களுக்குப் பிடி. முதல் 'ச்யூ லெ'யிலிருந்து 'பு ஷி' வரை அழித்துவிடுங்கள், அதற்கு முன்னால் இருக்கும் 'அவர் நேற்று' அப்படியே நிற்கும். தமிழில் 'நேத்து சென்னைக்கு, இல்ல இல்ல, மதுரைக்குப் போனார்' என்போம். வினை கடைசியில் வருவதால் அதைத் திரும்பச் சொல்லும் வேலையே இல்லை. சீனத்தில் வினை முன்னாலேயே வந்துவிடுவதால் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருவார்கள். எண்ணுக்கும் பெயர்ச்சொல்லுக்கும் நடுவில் வரும் அளவைச் சொற்களும் இப்படித்தான்: 'ஈ பென்' என்று தொடங்கியவர் சட்டென்று 'ஈ ஜாங்' என்றால், புத்தகம் என்று சொல்ல வந்து தாளுக்கோ படத்துக்கோ மாறிவிட்டார் என்று பெயர்ச்சொல் வருமுன்பே தெரிந்துவிடும்.

ஆனால் ஒருவர் பேசவே 'பு ஷி' என்றுதான் தொடங்குகிறார் என்றால் எதையும் அழிக்க வேண்டாம். 'பு ஷி, நி திங் வோ ஷுவோ' என்பது 'அட, நான் சொல்றதக் கேளுங்க' மாதிரி ஒரு குறுக்கீடு, அவ்வளவுதான். முன்னால் 'பு ஷி', கடைசியில் 'மா' என்று வந்தால் 'அப்படித்தானே?' வகைக் கேள்வி. அப்புறம் 'நெய்கெ, நெய்கெ' என்று இழுப்பது நம் 'அது வந்து'. சொல் கிடைக்காமல் தேடுகிறார், காத்திருங்கள்.

அடுத்தவர் தப்பாகப் புரிந்துகொண்டதைத் திருத்தும் இடம்தான் உண்மையில் கஷ்டமானது. நெறியாளர் 'நி தெ யீஸி ஷி...' (நீங்கள் சொல்ல வருவது...) என்று தன் புரிதலை வைப்பார். பல சமயம் அவருக்கே புரிந்திருக்கும், பார்ப்பவர்களுக்காகக் கேட்பார். விருந்தினர் 'துய்' (ஆமாம், சரி) என்றால் பிரச்சினை இல்லை. நெறியாளர் சொன்னது தவறென்றாலும் முகத்துக்கு நேரே 'தப்பு' என்று சொல்வது அபூர்வம். 'யே பு நெங் ஜெமெ ஷுவோ' என்பார், அதாவது 'அப்படியும் சொல்லிவிட முடியாது'. கற்பவர்கள் இதைப் பாதி சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஏமாறுகிறார்கள். இது பெரும்பாலும் மறுப்புதான், உண்மையான கருத்து அதற்குப் பின்னால் வரும்.

சில குழப்பங்கள் சீனர்களுக்கே உண்டு. 'மாய்' என்பதில் தொனி (அசையைச் சொல்லும் குரலின் ஏற்ற இறக்கம்) மாறினால் வாங்குவது விற்பதாகிவிடும். ஷான்ஷி என்ற பெயரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மாகாணங்கள், முதல் அசையின் தொனிதான் வித்தியாசம். 'ஜாங்' என்ற குடும்பப் பெயர் இரண்டு எழுத்துகளில் உண்டு, அங்கே தொனிகூட ஒன்றேதான். அதனால் 'கோங் ச்சாங் ஜாங்' என்று எழுத்தையே பிரித்துச் சொல்வார்கள்: வில்லும் நீளமும் சேர்ந்த ஜாங். இன்னொன்று 'லி ஜாவ் ஜாங்'. இதைப் புது வாக்கியம் என்று நினைத்து மொழிபெயர்க்கப் போகாதீர்கள்.

பயிற்சிக்கு ஒரு வழி. இத்தகைய நிகழ்ச்சிகளில் ஓடும் சீன எழுத்து வரியில் தடுமாற்றங்களைப் பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள். இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை எடுத்து, காதில் விழுந்தும் வரியில் வராத சொற்களை மட்டும் குறித்துக்கொண்டே போங்கள்.