மர முகப்பு இயர்போன்: ஒலியும் கட்டுமானமும் – கேள்வி பதில்

காதுக்குள் பொருந்தும் இயர்போனின் (ஐஇஎம்) வெளிப்பக்கத்தில் ரெசினுக்கு (திரவமாக ஊற்றி இறுகவைக்கும் பிசின்) பதிலாக மரத்தகடு பதிப்பது பற்றிப் பலர் கேட்ட கேள்விகளும், அவற்றுக்கு ஒருவரே தந்த பதில்களும்.

கேள்வி: சார், மர முகப்பு இருந்தால் ஒலி வார்மாக, இயற்கையாக இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நிஜமா?

முகப்புத் தகடு ஒலி போகும் வழியில் இல்லை. ஒலியை உண்டாக்கும் டிரைவரிலிருந்து கிளம்பும் ஒலி நாசில் (முனைக்குழாய்) வழியாகக் காதுக்குள் போகிறது. தகடு அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. அது ஒலியில் கைவைக்க வேண்டுமானால் தானே அதிர வேண்டும். 15 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. தடிமனும் உள்ள, ரெசின் ஊட்டிய மரத்தகடு ஒன்றை விளிம்பு முழுவதும் ஒட்டியிருப்பதாக வைத்துக் கணக்குப் போடுங்கள். அது தானாக அதிரும் முதல் அதிர்வெண் 21 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிப் போகும். மனிதக் காதின் எல்லை 20. அதே அளவு அக்ரிலிக் தகட்டுக்கும் கிட்டத்தட்ட அதே விடைதான் வரும். தகட்டை 1 மி.மீ. ஆகச் சீவினால் 14 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இறங்கும். ஆனால் அந்த அதிர்வெண்ணில் டிரைவரின் பின்பக்கக் காற்றுக்கு அதைத் தள்ளும் வலு கிடையாது.

உள்ளே பேலன்ஸ்ட் ஆர்மேச்சர் (சின்ன உலோகப் பெட்டி வடிவ டிரைவர்) மட்டும் இருந்தால் பேச்சே முடிந்தது. அதன் பின்புறக் காற்று பெரும்பாலும் அதன் உலோகப் பெட்டிக்குள்ளேயே அடைபட்டிருக்கிறது. வெளி ஷெல் (கூடு) மரமா பிளாஸ்டிக்கா என்று அதற்குத் தெரியாது. சுருளும் காந்தமும் சவ்வை ஆட்டும் டைனமிக் டிரைவர் என்றால் மட்டும் கதை கொஞ்சம் நீளும்.

கேள்வி: அப்படியென்றால் ஒரே மாடலின் ரெசின் பதிப்பும் மரப் பதிப்பும் வேறு வேறாக ஒலிப்பது எப்படி? ஒலியை அளந்து போட்ட கிராஃபிலும் வித்தியாசம் தெரிகிறதே.

தெரியலாம், நான் மறுக்கவில்லை. காரணத்தை மரத்தில் தேடாமல் காற்றில் தேடுங்கள்.

டைனமிக் டிரைவரின் பின்புறம் இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங். 1 மி.மீ. ரெசின் தகடு இருந்த இடத்தில் 2 மி.மீ. மரத்தகட்டை வைத்து, உள்நோக்கித் தடித்தால், 15 மி.மீ. விட்டத்துக்குச் சுமார் 0.18 க.செ.மீ. இடம் போய்விடுகிறது. உள்ளே மொத்தமே 1 க.செ.மீ. என்றால் அது ஆறில் ஒரு பங்கு. ஸ்பிரிங் அந்த அளவுக்கு விறைக்கும். வென்ட் (காற்றுத்துளை) இல்லாத உள்ளறையில், டயாஃப்ரத்தின் (அதிரும் சவ்வின்) விறைப்பைவிடக் காற்றின் விறைப்பே ஓங்கியிருந்தால், பேஸ் அதிகபட்சம் 1.7 டெசிபல் குறையலாம். இது காதுக்குக் கேட்கும் மாற்றம். ஆனால் அதே தடிமனில் பிளாஸ்டிக்கை வைத்தாலும் இதே கதிதான். கவனியுங்கள்: மரம் பேஸைக் கூட்டும் என்பது பொதுப் பேச்சு, இங்கே குறைகிறது.

கிராஃபில் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கூர்மையாக ஒரு மேடு நகர்ந்திருந்தால் அதை நம்பாதீர்கள். காதை அடைக்கும் இயர் டிப்பின் முனைக்கும் அளக்கும் மைக்குக்கும் நடுவே உள்ள காற்றுக்குழலின் ஒத்ததிர்வு அது. நீளம் 21 மி.மீ. என்றால் 8 கிலோஹெர்ட்ஸ், 2 மி.மீ. வெளியே இழுத்து வைத்தால் 7.5-க்கு வந்துவிடும். இரண்டு பதிப்பையும் ஒரே ஆழத்தில் வைத்து அளந்தார்களா என்று முதலில் கேளுங்கள். பிறகு, ரெசின் பதிப்பிலேயே இரண்டு ஜோடிகளை அளந்தார்களா என்று கேளுங்கள். ஜோடிக்கு ஜோடி இருக்கும் வேறுபாடு தெரியாமல் மரத்தின் மேல் எதையும் சுமத்த முடியாது.

கேள்வி: பெரிய ஹெட்போனில் மரக் கிண்ணம் ஒலியை மாற்றுகிறது என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்தானே? இங்கே மட்டும் ஏன் இல்லை?

ஒப்புக்கொள்கிறேன். அளவுதான் காரணம். 5 செ.மீ. ஆழமுள்ள கிண்ணத்துக்குள் ஒலி மோதித் திரும்பினால் அதன் முதல் ஒத்ததிர்வு 3.4 கிலோஹெர்ட்ஸில் வரும். காது மிகக் கூர்மையாக இருக்கும் இடம் அது. அங்கே சுவரின் வடிவம், மேற்பரப்பு, உட்பஞ்சு எல்லாமே பேசும். ஐஇஎம்மின் உள்ளே குறுக்களவு 12 மி.மீ.; அதே கணக்கு 14 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போய்விடுகிறது. ஹெட்போன் கிண்ணத்தின் அனுபவத்தை அப்படியே இங்கே கொண்டுவருவதால்தான் இவ்வளவு குழப்பம்.

கேள்வி: மரம் உண்மையிலேயே ஒலியை மாற்றும் இடமே இல்லையா?

மூன்று இடங்கள் உண்டு.

ஒன்று, டயாஃப்ரமே மரமாக இருப்பது. ஜேவிசி நிறுவனம் 2003-இல் வெளியிட்ட ஈஎக்ஸ்-ஏ1 ஆடியோ சிஸ்டத்தின் ஸ்பீக்கரில் பிர்ச் மரத் தாளையே கூம்பாக வார்த்தது. காய்ந்த மரத்தாள் அச்சில் அழுத்தினால் கிழிந்துவிடும். ஜப்பானிய சாகே மதுவில் ஊறவைத்த பிறகுதான் வளைந்து கொடுத்தது. பின்னர் எச்ஏ-எஃப்எக்ஸ்500 போன்ற இயர்போன்களிலும் மர டயாஃப்ரம் வந்தது. இங்கே மரம் ஒலியை உண்டாக்குகிறது. அலங்காரத் தகட்டோடு இதை ஒப்பிடவே கூடாது.

இரண்டு, எலும்பு வழியாக அதிர்வைக் கடத்தும் டிரைவர் வைத்த ஐஇஎம். அதில் ஷெல்லே அதிரும்படி அமைத்திருப்பதால் ஷெல்லின் எடையும் விறைப்பும் கணக்கில் வரும்.

மூன்றாவதுதான் செய்பவர்களுக்கு மிக முக்கியம்: காற்றுக் கசிவு. மரம் என்பது நுண்குழாய்களின் கட்டு. நாருக்குக் குறுக்கே வெட்டிய 1.5 மி.மீ. சிவப்பு ஓக் தகட்டில் வாய் வைத்து ஊதினால் மறுபக்கம் காற்று வரும். ரெசின் ஊட்டாமல் அப்படியொரு தகட்டை டைனமிக் டிரைவரின் பின்னால் வைத்தால், தெரியாமலே நூறு வென்ட் போட்டதாக ஆகிவிடும். இடது வலது இரண்டும் ஒரே அளவு கசியவும் செய்யாது. சோதிப்பது எளிது: தகட்டின் ஒரு பக்கத்தில் சிலிகான் குழாயை அழுத்திப் பிடித்து மெதுவாக ஊதுங்கள், மறுபக்கத்தில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு. குமிழி வந்தால் அந்தத் தகடு வேண்டாம்.

கேள்வி: அண்ணா, மரத்துக்கு ரெசின் ஊட்டுவதைப் படிப்படியாகச் சொல்லுங்கள். வீட்டில் காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்பும் சேம்பரும் இருக்கின்றன.

கழலை மரம், அதாவது பர்ல் (மரத்தில் புடைத்து வளரும் முண்டு), எடுத்துக்கொள்ளுங்கள். மேப்பிள், பக்-ஐ (buckeye), பாப்லர் கழலைகள் நன்றாகக் குடிக்கும். 6 முதல் 8 மி.மீ. தடிமனில் பலகையாக வெட்டுங்கள். தகட்டை மெல்லியதாகச் சீவிவிட்டு ரெசின் ஊட்டினால் வளைந்து போகும். ஊட்டிய பிறகு சீவுவதே முறை.

முதல் வேலை உலர்த்துவது. 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம். பிறகு எடை பாருங்கள், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். எடை இறங்கிக்கொண்டே இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. எடை நின்றதும் மூடிய பையில் போட்டு ஆறவிடுங்கள். சூடாக ரெசினில் போட்டால் அங்கேயே இறுக ஆரம்பிக்கும். திறந்து வைத்து ஆறவிட்டால் காற்றின் ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

வெப்பத்தில் இறுகும் மெத்தாக்ரிலேட் ரெசின்தான் இதற்கு. மரம் மிதக்காதபடி மேலே எடை வைத்து, மரத்துக்கு மேல் சில செ.மீ. நிற்கும்படி ரெசின் ஊற்றி, பம்பை ஓட்டுங்கள். முதலில் நுரை பொங்கும், வால்வைக் கொஞ்சம் திறந்து அடக்குங்கள். குமிழி அடங்கும்வரை பம்ப் ஓட வேண்டும். சில மணி நேரம் ஆகலாம். பலர் இங்கே நிறுத்தி மரத்தை வெளியே எடுத்துவிடுகிறார்கள். அதுதான் பெரிய தப்பு. வெற்றிடம் காற்றை வெளியேற்றத்தான் செய்கிறது; ரெசின் உள்ளே புகுவது வால்வைத் திறந்து வெளிக்காற்றின் அழுத்தம் திரும்பிய பிறகு. பம்ப் ஓடிய நேரத்தைப் போல இரு மடங்காவது, முடிந்தால் இரவு முழுவதும், அப்படியே ஊறட்டும்.

பிறகு வடியவிட்டு, அலுமினியத் தாளில் சுற்றி, 90 முதல் 95 டிகிரியில் இரண்டு மணி நேரம். சமையலுக்குப் பயன்படுத்தும் ஓவன் வேண்டாம், ஆவி நெடி கடுமையாக இருக்கும். ஆறியதும் எடை பாருங்கள். மென்மையான கழலை தன் உலர் எடை அளவுக்கே ரெசின் குடிப்பதுண்டு. எடை கொஞ்சமே ஏறியிருந்தால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் வெளிறிய பட்டை தெரிந்தால் அங்கே ரெசின் போகவில்லை.

கேள்வி: ஈட்டி, தேக்கு, கோகோபோலோ போடலாமா?

இவை எண்ணெய் மரங்கள். இயல்பிலேயே ரெசினைக் குறைவாகத்தான் உள்ளே விடும், எண்ணெய் அதை இறுகவும் விடாது. ஊட்டாமலே பயன்படுத்துவது நல்லது. ஒட்டும் முன் தகட்டின் அடிப்பக்கத்தை அசிட்டோனால் துடைத்து, காய்ந்ததும் தாமதிக்காமல் ஒட்டுங்கள். நேரமானால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். அசிட்டோன் மரத்தோடு நிற்கட்டும், அக்ரிலிக் ஷெல்மேல் பட்டால் மயிரிழை விரிசல் விழும்.

கோகோபோலோவின் தூள் சிலருக்குக் கடும் தோல் ஒவ்வாமை தரும். முகப்பில் மட்டும் இருந்து, மேலே லேக்கர் (பளபளப்புப் பூச்சு) பூசியிருந்தால் பொதுவாக அணிபவருக்குப் பிரச்சினை வராது. ஆனால் காதுமடலைத் தொடும் முழு மர ஷெல்லுக்கு அதைத் தேர்ந்தெடுக்கவே மாட்டேன். எந்த மரமானாலும் தேய்க்கும்போது தூசி முகமூடி கட்டாயம். மரத்தூளைப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வகையில் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: யூவி ரெசினால் (புற ஊதா ஒளியில் இறுகும் பிசின்) ஒட்டினேன். இரண்டு வாரத்தில் தகடு கழன்றுவிட்டது.

மரத்துக்குள் யூவி ஒளி போகாது. முகப்புப் பக்கமிருந்து விளக்கைக் காட்டியிருந்தால் விளிம்பில் கசிந்த ரெசின் மட்டும் இறுகி, நடுவில் திரவமாகவே இருந்திருக்கும். ஷெல் தெளிவானதென்றால் ஷெல் வழியாக, பக்கங்களிலிருந்து சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். ஷெல்லும் கறுப்பென்றால் யூவி வேண்டாம், மெதுவாக இறுகும் இருபகுதி எப்பாக்ஸி போடுங்கள். சூப்பர் குளூ பக்கமே போகாதீர்கள். அதன் ஆவி ஷெல்லின் உள்ளே வெள்ளைப் படலமாகப் படியும், டயாஃப்ரத்தையும் விடாது.

ஒட்டும் முன் கண்ணாடிப் பலகைமேல் 400 எண் உப்புத்தாளை விரித்து ஷெல்லின் வாயைத் தட்டையாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். தகடு விளிம்பைத் தாண்டி 1 மி.மீ. நீட்டியிருக்கட்டும், ஒட்டிய பிறகு தேய்த்துச் சமமாக்கலாம். 400, 600, 800, 1000, 2000 என்று வரிசையாகப் போங்கள். தேய்க்கும்போது வென்ட், நாசில், கனெக்டர் மூன்றையும் டேப் போட்டு மூடுங்கள். மெருகேற்ற ஸ்டீல் உல் வேண்டவே வேண்டாம்: டிரைவரின் காந்தம் இரும்புத் துகளை இழுத்துக்கொண்டால் கரகரப்பு நிரந்தரம்.

மேலே பூசும் யூவி லேக்கர் பிசுபிசுப்பாகவே நின்றால் காற்றிலுள்ள ஆக்சிஜன்தான் தடை. கிளிசரினில் மூழ்கவைத்து மறுபடி ஒளி காட்டுங்கள், இறுகிவிடும்.

கேள்வி: கனெக்டர் பக்கத்திலிருந்து விரிசல் ஓடுகிறது. மட்டமான மரமா?

மரம் ஈரத்துக்கு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி அசையாது. பச்சையிலிருந்து முழுதும் உலரும்போது வளையங்களின் திசையில் 6 முதல் 10 சதவீதம் சுருங்கும், ஆரத்தின் திசையில் அதில் பாதி, நாரின் திசையில் 0.1 அல்லது 0.2 சதவீதம்தான். கழலையில் நார் தாறுமாறாக ஓடுவதால் ஒரே தகட்டுக்குள்ளேயே இழுபறி. துளையோ கூர்முனை வெட்டோ இருக்கும் இடத்தில் அந்த இழுவிசை குவியும். எனவே கனெக்டருக்கான வெட்டின் மூலைகளை வட்டமாக்குங்கள், வெட்டிய ஓரத்திலும் லேக்கர் பூசுங்கள். வியர்வை முதலில் நுழைவது அந்த ஓரத்தில்தான்.

ரெசின் ஊட்டாத மரத்தைச் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். மரத்துக்கு அது அளவுக்கு மீறிய வறட்சி. துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும். ஆல்கஹாலை நாசிலுக்கும் டிப்புக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நிஜ மரமா, அச்சடித்த படமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நிஜ மரத்தில் பளபளப்பு நாரோடு நகரும், இருண்ட இடம் வெளிச்சமாகும். படத்தில் மேல்பூச்சு மட்டும் மின்னும். விளிம்பில் கோடுகள் தகட்டின் தடிமனுக்குள் இறங்குகின்றனவா என்று லென்ஸில் பாருங்கள். இடதும் வலதும் கண்ணாடி பிம்பம் போல இருந்தால் ஒரே பலகையை இரண்டாக அறுத்து விரித்திருக்கிறார்கள். அப்போதும் ரம்பத்தின் தடிமன் அளவுக்கு மரம் தூளாகிப் போவதால் இரண்டும் அச்சு அசலாகப் பொருந்தாது. அச்சு அசலாகப் பொருந்தினால் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: பழைய ரெசின் தகட்டை எடுத்துவிட்டு மரத்தகடு போட்டேன். வலதுபக்கம் மட்டும் பேஸ் குறைந்துவிட்டது. மரம்தான் காரணமா?

முதலில் இரண்டு பக்க டிப்பையும் மாற்றிப் போட்டு, காதில் காற்றுப் புகாமல் அடைக்கிறதா பாருங்கள். பேஸ் குறையப் பொதுவான காரணம் அதுதான். அது சரியாக இருந்தால் நாசில் வலையில் தூசி அடைத்திருக்கிறதா பாருங்கள். அடுத்தது வென்ட். விட்டம் குறையக் குறைய அதன் தடை நான்காம் அடுக்கில் ஏறும்: 0.8 மி.மீ. துளை லேக்கர் படிந்து 0.6 ஆனால் காற்றுக்கு மூன்று மடங்கு தடை. அந்த அறைக்கு அது மூன்றில் இரண்டு பங்கு மூடியதற்குச் சமம். 0.8 மி.மீ. ட்ரில் பிட்டை விரலாலேயே சுழற்றித் துளையைச் சுத்தம் செய்யுங்கள், மோட்டார் வேண்டாம். தூள் உள்ளே விழாதபடி துளை கீழ்நோக்கி இருக்கட்டும். அதன் பிறகும் பேஸ் வரவில்லை என்றால் தகட்டைத் திறந்து, பசை டிரைவரின் பின்துளைமேல் வழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.