டி-ஷர்ட்டின் பக்கத் தையல் வயிற்றுக்கு வந்தால்…

கேள்வி: கல்லூரி விழா ஆர்டருக்காகத் திருப்பூர் புரோக்கர் ஒருவரிடம் 150 காட்டன் டி-ஷர்ட் வாங்கினேன். ‘180 ஜிஎஸ்எம், பயோ வாஷ் செய்தது’ என்றார். இரண்டு துவைப்பிலேயே பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டது. தைத்தவர் தவறா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: ஒன்றிரண்டு மட்டும் கோணினால் வெட்டியவரைக் கேட்கலாம். எல்லாமே ஒரே பக்கம் திரும்பியிருந்தால், கோளாறு துணியில்.

உங்களுடையது சிங்கிள் ஜெர்சி, அதாவது சாதாரண பனியன் துணி. முறுக்கேற்றிய நூலைக் கண்ணி கண்ணியாகப் பின்னியது. தண்ணீர் பட்டால் நூல் முறுக்கவிழப் பார்க்கும். கண்ணிகள் ஒரு பக்கமாகச் சாயும், கூடவே சட்டையும். விற்கும்போது நேராகத்தான் இருக்கும். நீராவி கொடுத்து அழுத்தி நேராக்கியதுதானே, துவைத்ததும் பழைய குணம் திரும்பிவிடும்.

இன்டர்லாக் துணி இப்படிப் பெரிதாக முறுக்காது. இரு பக்கமும் கண்ணி இருப்பதால் ஒன்றின் சாய்வை மற்றது பிடித்து நிறுத்தும். ஆனால் ‘இன்டர்லாக் மாதிரிதான் சார்’ என்று புரோக்கர் சொன்னால் நம்பாதீர்கள். வெட்டிய ஓரத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். சுருண்டால் சிங்கிள் ஜெர்சி. இன்டர்லாக் சுருளாது, உள்ளும் புறமும் ஒரே மாதிரி தெரியும். விலையும் கூடுதல், அதனால் யாரும் அதைச் சும்மா தர மாட்டார்கள்.

அப்புறம் இந்த பயோ வாஷ்! எதற்கெடுத்தாலும் இதையே மந்திரம் போலச் சொல்கிறார்கள். என்சைம் போட்டு மேலே நிற்கும் பிசிறை எடுப்பது, அவ்வளவுதான். துணி வழவழப்பாகும், ஆனால் முறுக்குவதையும் தடுக்காது, சுருங்குவதையும் தடுக்காது.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. அதை நீங்களே பார்க்கலாம். 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரமாக வெட்டி நகைக்கடைத் தராசில் வையுங்கள். 180 ஜிஎஸ்எம் என்றால் 1.8 கிராம் இருக்க வேண்டும். 1.5 காட்டினால் கதை முடிந்தது.

பணம்? உங்களைப் போல மறுவிற்பனைக்கு வாங்கியவர் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரே அல்ல. நுகர்வோர் ஆணையம் கைகொடுக்காது, சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். 150 டி-ஷர்ட்டுக்கு யார் போவார்கள்? புரோக்கர்களுக்கும் அது தெரியும். பில்லில் ‘நிட்டட் கார்மென்ட்ஸ்’ என்று ஒற்றை வரி, துணி விவரம் ஒன்றும் இருக்காது. இந்த லட்சணத்தில் எதை வைத்து வழக்குப் போடுவது?

அடுத்த முறை முன்பணத்துக்கு முன்னால் ஒரு சட்டையை வாங்கி மூன்று முறை துவைத்துக் காயவைத்துத் தரையில் விரியுங்கள். 70 செ.மீ. நீளச் சட்டையில் தையலின் கீழ்முனை மூன்றரை செ.மீ.க்கு மேல் நகர்ந்திருந்தால் வேண்டாம். துணி வகை, ஜிஎஸ்எம், இந்த அளவு மூன்றையும் ஆர்டரில் எழுதி வாங்குங்கள். இப்போது புரோக்கருக்குப் பாக்கி ஏதும் இருந்தால் கொடுக்காமல் பேசுங்கள். உங்கள் கையில் இருக்கும் பிடி அது ஒன்றுதான்.