குடம் அடிப்பவரும் அட்டைப்படமும்

அன்புள்ள சார்,

தக்கலைப் பக்கம் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பாடத்துக்காக 16 பக்கத்தில் ஓர் இசைப் பத்திரிகை செய்தேன். முழுக்க வில்லுப்பாட்டு. இசைப் பத்திரிகை என்றால் பெயர் மேலே இருக்கும், பாடகர் நேராக நம்மைப் பார்ப்பார். நான் பெயரை வில் மாதிரி வளைத்து அடியில் போட்டேன். அட்டையில், கண்ணை மூடிக் குடம் அடிக்கும் ஒரு பெரியவர். எந்த மரபைப் பின்பற்றினாய், எதை மீறினாய் என்று விளக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஆசிரியரோ, இது பத்திரிகை மாதிரியே இல்லை என்கிறார். நீங்கள் டிடிபி, அதாவது கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும் வேலை பார்த்தவர் என்று எழுதியிருந்தீர்கள். பிடிஎஃப் இணைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்ல முடியுமா?

ரெ., தக்கலை

அன்புள்ள ரெ.,

இரண்டு தடவை பார்த்தேன். முதலில் கணினியில், அப்புறம் பஸ்ஸில் வரும்போது போனில். இரண்டும் வேறு வேறு பத்திரிகையாகத் தெரிந்தன. அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

பத்திரிகைப் பெயர் ஏன் மேலே இருக்கிறது? பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையை நினைத்துப் பாருங்கள். கயிற்றில் கிளிப் போட்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறினாற்போல் தொங்கவிட்டிருப்பார்கள். மேல் ஓரமும் இடது ஓரமும்தான் கண்ணில் படும். அதனால் பெயர் மேலே, முக்கியமான தலைப்புகள் இடது பக்கம். ஆள் நம்மைப் பார்ப்பதும் கடைக்காகத்தான். பத்து அட்டைக்கு நடுவில் ஒரு ஜோடிக் கண் நம்மை நிறுத்திவிடும். உங்கள் பத்திரிகை கயிற்றில் தொங்கப்போவதில்லை. கையில் கொடுப்பீர்கள், அல்லது வாட்ஸப்பில் அனுப்புவீர்கள். பெயர் அடியில் இருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. விளக்கத்தில் 'வித்தியாசமாக இருக்கட்டும் என்று' எழுதாமல் இதை எழுதுங்கள்.

மீறியவர்கள் முன்பே உண்டு. 1976-ல் லண்டனில் பங்க் என்ற ராக் இசைக்காக வந்த 'ஸ்னிஃபின் க்ளூ' தட்டச்சு செய்து, தலைப்பை ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்த பத்திரிகை. நடத்திய மார்க் பெர்ரி ஒரு வங்கி குமாஸ்தா. கையில் காசில்லாததால் வந்த கோலம், அந்த இசைக்கும் அதுவே பொருந்திவிட்டது. அமெரிக்காவில் 1992-ல் தொடங்கிய 'ரே கன்' இசைப் பத்திரிகையின் வடிவமைப்பாளர் டேவிட் கார்சன், பாடகர் பிரையன் ஃபெர்ரியின் பேட்டி சலிப்பாக இருக்கிறதென்று, அதைக் குறியீடுகள் மட்டுமே உள்ள எழுத்துருவில் போட்டார். ஒரு வரி வாசிக்க முடியாது. எனக்கு முதலாமவரைப் பிடிக்கும். இரண்டாமவருக்குத் துணிச்சல் உண்டு, ஆனால் உட்கார்ந்து பேசிய மனிதருக்கு அது மரியாதை இல்லை. வடிவமைப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

உங்கள் 8, 9-ஆம் பக்கங்கள் அந்த வழியில் போகின்றன. வில்லிசைப் புலவரின் பேட்டி முழுவதும் வில்லின் வளைவிலேயே ஓடுகிறது. கணினியில் அழகு. அச்சிலும் தப்பிக்கும், 16 பக்கத்தில் அது நடுப்பக்கம், ஒரே தாள். ஆனால் போனில் பக்கம் பக்கமாக வருவதால் வில் நடுவில் ஒடிந்துவிட்டது. எழுத்தைப் பெரிதாக்கினால் வளைவு திரைக்கு வெளியே போகிறது. நான் நாலாவது வரியில் விட்டுவிட்டேன். அவர் என்ன சொன்னார் என்று இன்னும் எனக்குத் தெரியாது.

மற்ற பக்கங்களில் குறை வேறு மாதிரி. அங்கே நீங்கள் மரபை மீறவே இல்லை, அதுதான் பிரச்சினை. ஆங்கிலப் பத்திரிகை மாதிரி பக்கத்தை நெடுக்காகப் பிரித்து மூன்று ஒடுங்கிய பத்தி வைத்திருக்கிறீர்கள். நம் சொற்கள் நீளம். 'பாடிக்கொண்டிருந்தவர்களுக்கு' ஒன்றே ஒரு வரியை அடைத்துக்கொள்ளும், அடுத்த வரியில் இரண்டு சொல்லுக்கு நடுவே ஆளே நடந்து போகலாம். இரண்டு பத்தி போதும்.

பத்தித் தொடக்கத்தில் முதல் எழுத்தை மூன்று வரி உயரத்துக்குப் பெரிதாக்கியிருப்பதும் அங்கிருந்து வந்ததுதான். இதில் நான் சூடுபட்டவன். பேஜ்மேக்கர் என்ற பக்கம் அமைக்கும் மென்பொருளில் பாமினி எழுத்துரு வைத்து ஒரு திருவிழா மலர் செய்தேன். கட்டுரை 'கோட்டாறு' என்று தொடங்கும். பாமினியில் கொம்பைத்தான் முதலில் அடிக்க வேண்டும். மென்பொருளுக்கு முதல் எழுத்து அந்தக் கொம்பு. அதை மட்டும் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிவிட்டு, பக்கத்தில் சின்னதாகக் 'காட்டாறு' என்று விட்டது. ஆயிரம் பிரதி. மலர்க் குழுத் தலைவர் அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் எதிர்ச்சாரியில் போவார். இன்று யூனிகோடில் அந்த ஆபத்து குறைவு. ஆனால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லாத மொழியில் அந்த அலங்காரம் எதற்கு என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

சரி, அட்டைக்கு வருகிறேன். நீங்கள் செய்த பெரிய மீறல் உங்கள் விளக்கத்தில் இல்லை. நம் ஊரில் வில்லிசைக்கென்று ஓர் அச்சு மரபு ஏற்கெனவே இருக்கிறது: ஊர்க் கோயில் கொடை விழா நோட்டீஸ். நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறேன். உச்சியில் பிள்ளையார் சுழி, நடுவில் அம்மன், கீழே நாள் வாரியாக நிகழ்ச்சி, ஒரு கட்டத்துக்குள் முட்டை வடிவத்தில் வில்லிசைப் புலவரின் படம், தடித்த எழுத்தில் பெயர், அதன் கீழே பொடியாகக் 'குழுவினர்'. உடுக்கு, தாளம், கட்டை, குடம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். குடம் அடிப்பவரின் படம் கேட்டு யாரும் என் கடைக்கு வந்ததில்லை. போடலாமே என்று எனக்கும் தோன்றியதில்லை. ராத்திரி முழுக்கப் பத்தை என்கிற மட்டையால் குடத்தின் வாயில் அடித்துக் கதையைத் தள்ளிக்கொண்டு போகிற ஆளை நீங்கள் முழுப் பக்கத்துக்கு வைத்திருக்கிறீர்கள். ஆசிரியர் வழக்கமான இசைப் பத்திரிகையோடு ஒப்பிட்டதால் இது அவர் கண்ணில் படவில்லை. நீங்களும் அதோடுதான் ஒப்பிட்டிருக்கிறீர்கள். இரண்டு கொடை நோட்டீஸை ஸ்கேன் செய்து பக்கத்தில் வையுங்கள், உங்கள் விளக்கம் தானாக எழுதிக்கொள்ளும்.

நடுப்பக்கத்துக்கு ஒரு யோசனை. பேட்டியை நேர் வரியில், இரண்டு பத்தியில் ஓடவிடுங்கள். பத்திரிகைகள் கட்டுரையிலிருந்து ஒரு வரியைப் பிடுங்கிப் பெரிதாகப் போடுமே, அது ஏற்கெனவே சொன்னதைத் திருப்பிச் சொல்வதுதான். நம் பின்பாட்டுக்காரர்களின் வேலையும் அதுவே. வலது ஓரத்தில் அந்த வரிகளைப் பின்பாட்டாக வையுங்கள், நடுநடுவே ஒரு 'ஆமா'. வில்லை வளைக்காமலே பக்கம் பாட ஆரம்பிக்கும் என்று தோன்றுகிறது.

ஒன்று மட்டும் உறுத்தியது. அட்டையில் அந்தப் பெரியவரின் பெயர் இல்லை. உள்ளே தேடினேன், 3-ஆம் பக்கத்தில் படக்குறிப்பில் 'வில்லிசைக் குழுவினர்' என்று இருக்கிறது. பெயரைக் கேட்டு வாங்கி, புலவருக்கு நோட்டீஸில் போடும் அதே அளவில் போடுங்கள். பிரிண்ட் எடுத்தால் முதல் பிரதியை அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். திருத்திய பிடிஎஃபை எனக்கும் அனுப்புங்கள், நாலாவது வரிக்கு மேல் படிக்க வேண்டியிருக்கிறது.